‘ரத்தம் வடிக்கும்’ கட்டபொம்மன் வாள்: பதினோரு மழைக்காலத்து அனுபவம்

கட்டபொம்மன் படையில் இருந்தது என்ற வாய்ச்சொல்தான் என்னிடம் வந்த இந்த வாளுக்கு உண்டு. முத்திரையோ எழுத்தோ கிடையாது. 1799 அக்டோபர் 16, கயத்தாற்றில் அவரைத் தூக்கிலிட்ட நாள். அந்த நாள் வந்தால் வாள் ரத்தம் வடிக்கும், வீட்டுக்கு ஆகாது என்பது கூடவே வந்த பேச்சு.

வடிப்பது நிஜம். முதல் எட்டு வருடமும் அலகில் செம்பழுப்புத் துளிகள் அரும்பின. இரும்புக்குள் ஏறிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து, துருவோடு கசிகிறது. வடகிழக்குப் பருவமழை நம் பக்கம் இறங்குவதும் அதே அக்டோபரில்தான். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடித்து உப்பு விதைத்தார்கள் என்பார்கள். அது இல்லாவிட்டாலும் தூத்துக்குடிக் கடற்காற்றே போதும்.

பெரிய கெடுதல் பரிகாரத்தால் வந்தது. நுனியில் எலுமிச்சம்பழம் குத்திவைத்த இடமெல்லாம் கருத்துக் குழி விழுந்துவிட்டது. பழத்தைத் தாம்பாளத்தில் வையுங்கள், ஜக்கம்மாளுக்கு அதில் குறை வராது. நல்லெண்ணெயும் வேண்டாம், நாள்பட்டால் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும்.

உப்பை எடுக்க, ஒரு லிட்டர் பேட்டரித் தண்ணீருக்கு (அமிலம் அல்ல, காய்ச்சி வடித்த தண்ணீர்) 50 கிராம் சலவைச் சோடா. குழாய்த் தண்ணீர் ஆகாது, அதிலேயே குளோரைடு உப்பு இருக்கும். ஒரு முனை அடைத்த பிவிசி குழாயை நிறுத்தி, அலகு மட்டும் முங்கும்படி விடவேண்டும். கைப்பிடி நனையவே கூடாது. உள்ளே அலகின் காம்பைப் பிடித்திருப்பது அரக்கு, சோடா பட்டால் கரைந்துபோகும். கைப்பிடி தானாக ஆடுவதையும் சாபம் என்கிறார்கள். பழைய அரக்கு காய்ந்து நொறுங்குவதுதான் அது.

முதல் மாதம் வாரம் ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை சோடாத் தண்ணீரை மாற்றுங்கள். மாற்றும்போது கொஞ்சம் எடுத்து, நைட்ரிக் அமிலம் விட்டு, நுரை அடங்கியபின் சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். பால்போல் கலங்கினால் உப்பு பாக்கி இருக்கிறது. அமிலம் பழகிய வேதியியல் ஆசிரியர் யாராவது பக்கத்தில் இருப்பது நல்லது. கலங்கல் நிற்க ஐந்து மாதம் ஆனது. அவசரப்பட்டு முன்னாலேயே எடுத்தால் அடுத்த மழைக்கே திரும்ப வடியும்.

கடைசியாகப் பேட்டரித் தண்ணீரில் அலசி, ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் தேன்மெழுகை மெலிதாகத் தேய்க்க வேண்டும். பழைய தோல் உறையில் திரும்பச் செருகாதீர்கள், அதில் அமிலமும் ஈரமும் தங்கும். மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியும் அரைக் கிலோ சிலிக்கா ஜெல்லும் போதும்.

மண்ணைத் தோண்டும்போது கிடைத்த வாள் என்றால் இதையெல்லாம் தொடங்கும் முன் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 1878-ஆம் வருடப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது.

சோடாவில் போட்டெடுத்தபின் மூன்று மழைக்காலம் கடந்துவிட்டது. ஒரு துளி வரவில்லை.