எது சட்டம் என்பதிலேயே வக்கீல்கள் முட்டிக்கொண்டால்: ஹார்ட்டா, டுவொர்கினா?

புதுச்சேரியிலோ கடலூரிலோ இருந்துகொண்டு ஜூரிஸ்புரூடன்ஸில் (சட்டத் தத்துவத்தில்) ஆய்வேடு எழுதுபவர், ஒரு கட்டத்தில் எச்.எல்.ஏ. ஹார்ட், ரொனால்ட் டுவொர்கின் என்ற இரு சட்டத் தத்துவவாதிகளில் ஒருவரைப் பிடித்தே ஆக வேண்டும். நான் ஹார்ட் கட்சி. டுவொர்கின் எங்கே ஜெயிக்கிறார் என்பதையும் மறைக்கப் போவதில்லை.

அடிப்படை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1961-இல் ஹார்ட் சொன்னது: எது சட்டம் என்பதை நீதிபதிகளும் அதிகாரிகளும் நடைமுறையில் கடைப்பிடிக்கும் ஓர் அங்கீகார விதி தீர்மானிக்கிறது, அது ஒரு சமூக உண்மை. 1986-இல் டுவொர்கின் கேட்டது: அந்த அளவுகோலைப் பற்றியே நீதிபதிகள் சண்டை போட்டால்? வழக்கம் ஒத்துப்போனால்தான் விதி இருக்கிறது. ஒத்துப்போகாத இடத்தில் விதியே இல்லையே, பிறகு எதைப் பற்றிச் சண்டை? அவர் பதில்: பழைய தீர்ப்புகளோடும் சட்டங்களோடும் பொருந்துகிற, அவற்றை அறநோக்கில் மிக நன்றாக நியாயப்படுத்துகிற விளக்கமே சட்டம்.

முதலில் சண்டைகளைப் பிரித்துப் போட வேண்டும். நம் ஊர் வழக்கையே எடுப்போம். 2017-இல் மத்திய அரசு புதுச்சேரி சட்டமன்றத்துக்கு 3 பேரை நேரடியாக நியமித்தது. சபாநாயகர் அவர்களைச் சபைக்குள் விடவில்லை. 2018 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றமும், அதே ஆண்டு டிசம்பர் 6-இல் உச்ச நீதிமன்றமும் நியமனம் செல்லும் என்றன. 1963-ஆம் ஆண்டு யூனியன் பிரதேச ஆட்சிச் சட்டத்தின் பிரிவு 3(3), மத்திய அரசு 3 பேருக்கு மிகாமல் நியமிக்கலாம் என்கிறது. நியமன ஆணை வெளிவந்ததா என்பதில் தகராறு இல்லை. ‘மத்திய அரசு’ என்றால் யார் என்பதில் தகராறு உண்டு, ஏனென்றால் ஜெனரல் கிளாசஸ் சட்டத்தின் பிரிவு 3(8) யூனியன் பிரதேச நிர்வாகியையும் அந்தச் சொல்லுக்குள் கொண்டுவருகிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட அரசைக் கலந்துகொள்வது மரபா, மரபென்றால் அது கட்டுப்படுத்துமா என்பது மூன்றாவது.

மாணவர்கள் சறுக்குவது இரண்டாவதில். அதைப் போய் ‘கோட்பாட்டு முரண்பாடு’ (எது சட்டம் என்ற அளவுகோலிலேயே வரும் சண்டைக்கு டுவொர்கின் வைத்த பெயர்) என்று எழுதிவிடுகிறார்கள். அது ஒரு சொல்லின் விளிம்பில் நடக்கும் சண்டை. விதிகளின் ஓரம் மங்கலாகத்தான் இருக்கும் என்று ஹார்ட்டே சொல்லியிருக்கிறார். மூன்றாவதையும் இரண்டாகப் பிளக்க வேண்டும். ‘முன்பு அப்படித்தான் நடந்ததா?’ என்றால் கோப்பைப் புரட்டினால் தீரும். ‘முன்பு எப்படி நடந்திருந்தாலும், மக்களாட்சியில் கலந்துகொள்வதுதான் சட்டம்’ என்று ஒருவர் வாதாடினால் மட்டுமே டுவொர்கின் சொன்ன முரண்பாடு வருகிறது. இப்படிச் சலித்தால் பெரும்பாலான வழக்குகளில் அந்த வகை ஒரு பத்திக்குமேல் தேறாது.

அந்த ஒரு பத்தியில் டுவொர்கின் கை ஓங்கியே இருக்கிறது. எந்த வக்கீலும் ‘இங்கே சட்டத்தில் ஓட்டை இருக்கிறது, நிரப்பித் தாருங்கள்’ என்று கேட்பதில்லை. ‘சட்டம் ஏற்கெனவே இதுதான்’ என்றுதான் வாதாடுகிறார். ஹார்ட் கணக்கில் இது உண்மையாக இருக்க முடியாது. ஹார்ட் பக்கம் நிற்கும் சட்டத் தத்துவவாதி பிரையன் லெய்ட்டர் 2009-இல் இதற்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் சொன்னார்: ஒன்று, அவர்கள் தெரிந்தே அப்படிப் பேசுகிறார்கள், இல்லையென்றால் தவறாக நம்புகிறார்கள். கேட்கக் கடுமைதான். ஆனால் ரிட் மனுவின் கடைசி வரியைப் பாருங்கள். உரிமை சட்டப்படி உண்டு என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, ‘நீதிமன்றம் பொருத்தமெனக் கருதும் வேறு உத்தரவுகளையும்’ வேண்டித்தான் முடிப்போம். (அது பரிகாரத்தைப் பற்றிய வரி, சட்டத்தைப் பற்றியது அல்ல என்று எதிர்த்தரப்பு சொல்லும். பாதி ஒப்புக்கொள்கிறேன்.)

எனக்கு முடிவைத் தந்தது வேறொன்று: வழக்குக்கே வராதவை. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் போனால் முள்ளோடையில் மாநிலம் மாறுகிறது. மது விதி, வாகன வரி, முத்திரைத் தீர்வை எல்லாம் மாறுகின்றன. எந்தப் பக்கம் எந்தச் சட்டம் என்று இரண்டு ஊர் வக்கீல்களிலும் யாரும் தர்க்கம் செய்வதில்லை. கிரயப் பத்திரத்தை எழுதிக் கையெழுத்தான 4 மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் பிரிவு 23. ஏன் 4, ஏன் 5 இல்லை என்பதற்கு அறநியாயம் தேடிக்கொண்டு எந்தப் பத்திர எழுத்தரும் உட்கார்வதில்லை. இந்த மாபெரும் ஒத்துப்போக்கை ஹார்ட் ஒரே வரியில் விளக்கிவிடுகிறார்: எல்லோரும் ஒரே மூலத்தைப் பார்க்கிறார்கள். சட்டம் ஒவ்வொரு முறையும் சிறந்த அறவிளக்கத்தால்தான் தீருமென்றால், அறத்தில் ஒத்துப்போகாத நாம் சட்டத்தில் இவ்வளவு ஒத்துப்போவதெப்படி? பொருத்தம் என்ற சோதனையே பெரும்பாலானதை முடித்துவிடும் என்கிறது டுவொர்கின் தரப்பு. அப்படியென்றால் பெரும்பாலான நாட்களில் வேலை செய்வது ஹார்ட்தான்.

டுவொர்கினின் பெயர்போன உதாரணம் 1889-ஆம் ஆண்டு நியூயார்க் வழக்கு: உயில்படி தனக்கு வரவேண்டிய சொத்துக்காகத் தாத்தாவுக்கு விஷம் வைத்த பேரனுக்குச் சொத்து உண்டா? நீதிபதிகள் பிரிந்தார்கள், பெரும்பான்மை ‘இல்லை’ என்றது. இங்கே, உயில் இல்லாத வாரிசுரிமைக்கு, 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் பிரிவு 25 அதே கேள்வியை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டது. மூலம் வாய் திறந்ததும் முரண்பாடு அடங்கிவிட்டது. ஆனால் 1924-லேயே, அந்தப் பிரிவு இல்லாமலே, அன்றைய இந்தியாவுக்கு லண்டனில் இருந்த உச்ச மேல்முறையீட்டு அமைப்பான பிரிவி கவுன்சில் அதே முடிவுக்கு வந்துவிட்டதையும் ஆய்வேட்டில் சொல்லியாக வேண்டும். விட்டால் வைவாவில் (ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வில்) அதைத்தான் கேட்பார்கள்.

சட்டத் தத்துவவாதி ஸ்காட் ஷாப்பிரோ 2011-இல் முன்வைத்த நடுவழியும் உண்டு: ஓர் அமைப்பு தன் நீதிபதிகளை எவ்வளவு நம்புகிறது என்பதை வைத்து விளக்கமுறையைத் தேர்வது. நம் நீதிமன்றங்களில் அதை எப்படி அளப்பது என்பது எனக்குப் பிடிபடவில்லை, அதனால் பரிந்துரைக்கவும் மாட்டேன்.

உங்கள் தலைப்பு கேசவானந்த பாரதி வழக்கு (அரசியலமைப்பை நாடாளுமன்றம் எதுவரை திருத்தலாம் என்ற வழக்கு) என்றால் மட்டும் என் பேச்சைக் கேட்காதீர்கள். 1973 ஏப்ரல் 24-இல் 13 நீதிபதிகள் 7-க்கு 6 என்று பிரிந்தது அளவுகோலிலேயே. பின்னால் நீதிமன்றங்கள் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைத் திருத்தத்தால் சிதைக்க முடியாது என்பதை ஏற்று நடந்ததால் இன்று அது அங்கீகார விதியில் சேர்ந்துவிட்டது என்று ஹார்ட்டை வைத்து எழுதலாம். அந்த ஒரு நாள் நடந்ததை எழுத டுவொர்கினைத்தான் எடுக்க வேண்டும்.