விண்டோஸ் 11-க்கு மாறுவதா, 10-லேயே இருப்பதா, லினக்ஸா? தங்கச்சிமடத்து இ-சேவைக் கடையில் போட்ட கணக்கு

கவுண்டரில் உள்ள கம்ப்யூட்டரை விண்டோஸ் 11-க்கு மாற்றிவிட்டேன். பின்னறையில் டைப்பிங்குக்கு வைத்திருக்கும் பழையது லினக்ஸ் மின்ட்டில் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச ஆபரேட்டிங் சிஸ்டம்) ஓடுகிறது. பாம்பன், உச்சிப்புளிப் பக்கம் இதே தொழில் செய்கிறவர்கள் "மாத்தலாமாண்ணே, இல்ல இப்படியே ஓடட்டுமா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மெஷின் தாங்கும் என்றால் 11-க்கு மாறுங்கள் என்பதுதான் என் பதில்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு முடித்துக்கொண்டது. அதனால் கம்ப்யூட்டர் நின்றுவிடவில்லை, பாதுகாப்பு அப்டேட் வருவதுதான் நின்றது. வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு இஎஸ்யு (நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்) என்ற பெயரில் 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் அவகாசம் அறிவித்தார்கள். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்ய விட்டால் அது இலவசம், இல்லையென்றால் 30 டாலர். பிள்ளைகள் படிக்கிற கம்ப்யூட்டருக்கு அது சரி. ஊராரின் ஆதார் எண்ணும் வங்கிப் பாஸ்புக்கும் நாள் முழுக்கக் கடந்துபோகிற கடை மெஷினை அப்டேட் இல்லாமல் ஓட்ட எனக்கு மனம் வரவில்லை. நம்பிக் கையில் கொடுத்துவிட்டு நிற்கிறார்கள்.

தோற்றம், வேகம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நடுவில் போய் உட்காரும் ஸ்டார்ட் பட்டனை செட்டிங்ஸில் இடப்பக்கம் கொண்டுவந்துவிடலாம். 4 ஜிபி ரேம் போதும் என்று எழுதியிருந்தாலும் 8 ஜிபியும் எஸ்எஸ்டியும் இல்லாமல் கடையில் வேலை ஓடாது.

மெஷின் தகுதிதான் முதல் தடை. இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர், சாவிகளைக் காக்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, தொடங்கும்போது அந்நிய சாஃப்ட்வேரைத் தடுக்கும் செக்யூர் பூட் ஆகியவை வேண்டும். தகுதி பார்க்கும் மைக்ரோசாஃப்ட் ஆப்பான பிசி ஹெல்த் செக் "தகுதியில்லை" என்றதும் மனம் விட வேண்டாம். உள்ளூரில் அசெம்பிள் செய்த மெஷின்கள் பலவற்றில் டிபிஎம் இருந்தும் பயாஸில் (மெஷின் ஆன் ஆகும்போது நுழையும் அடிப்படை செட்டிங்ஸ்) அணைத்து வைத்திருப்பார்கள். இன்டெல் போர்டில் பிடிடி என்றும் ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் தேடி ஆன் செய்யுங்கள். டிஸ்கைப் பிரித்து வைத்திருப்பது பழைய எம்பிஆர் முறையில் இருந்தால், செக்யூர் பூட்டுக்கு வேண்டிய ஜிபிடி முறைக்கு மாற்றும் கருவி விண்டோஸ் 10-லேயே உண்டு. டேட்டாவை வேறு டிஸ்கில் காப்பி எடுக்காமல் மட்டும் அதைத் தொடாதீர்கள்.

இதெல்லாம் எந்தக் கடைக்காரரும் சொல்வதுதான். என் முடிவைத் தீர்மானித்தது கம்ப்யூட்டரில் செருகியிருக்கும் சாமான்கள். கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், ஸ்கேனர், லேசர் பிரிண்டர் இந்த நான்கும் ஓடினால்தான் கடை ஓடும். ஆதார் சரிபார்ப்புக்கு ஆதார் ஆணையமான யுஐடிஏஐ-யிடம் பதிவு பெற்ற கருவி வேண்டும். அதற்கான ஆர்டி சர்வீஸ் என்ற சாஃப்ட்வேர் பின்னணியில் ஓட வேண்டும். வயதானவர்கள் உயிர்வாழ் சான்றிதழுக்கு வந்து விரலை வைக்கும்போது அது நின்றால், உப்புத் தண்ணீரிலும் வலையிலும் தேய்ந்த விரலைத் திரும்பத் திரும்ப வைக்கச் சொல்லி அவர்களைப் பாடுபடுத்த வேண்டியிருக்கும். கருவி செய்தவர்கள் புது டிரைவரை (கருவியை விண்டோஸோடு பேச வைக்கும் சாஃப்ட்வேர்) இனி 11-ஐ மனதில் வைத்துத்தான் தருவார்கள். 10-லேயே நின்றால் நாளாக ஆக இந்தச் சாமான்களை ஓட்டுவதே பெரிய வேலையாகிவிடும்.

மாறும்போது இங்கே இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, 32-பிட். பழைய பிரிண்டருக்கு 32-பிட் டிரைவர் மட்டும் இருக்கிறது என்பதற்காகவே சில கடைகளில் 32-பிட் விண்டோஸ் 10 ஓட்டுகிறார்கள். விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பே கிடையாது. செட்டிங்ஸில் சிஸ்டம், அபௌட் போய் "சிஸ்டம் டைப்" பாருங்கள். 32 என்று இருந்தால் மேலே அப்கிரேட் ஏறாது, புதிதாகத்தான் போட வேண்டும். பிரிண்டருக்கு 64-பிட் டிரைவர் இருக்கிறதா என்று முதலில் தேடிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பிரிண்டர் விலையையும் செலவில் சேர்க்க வேண்டியதுதான்.

இரண்டாவது, மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதி. புதிதாக 11 போட்ட மெஷின்களில் பெரும்பாலும் இது தானாக ஆன் ஆகியிருக்கும். ஒத்துவராத பழைய டிரைவரை உள்ளே விடாது. ஸ்கேனரோ டோக்கனோ காரணமில்லாமல் தெரியாமல் போனால் விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசோலேஷன் பகுதியைப் பாருங்கள். அதை அணைத்துவிட்டு வேலையைப் பார் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. புது டிரைவர் தேடிப் போடுவதுதான் சரி.

கடலோரத்தில் இருக்கிறவர்களுக்கென்று இன்னொன்று உண்டு. உப்புக் காற்றில் நம் மெஷின்களின் போர்டு சீக்கிரம் போய்விடுகிறது. போர்டு போனால் டிஸ்கைக் கழற்றி வேறு மெஷினில் செருகி வேலையைத் தொடர்வது இந்தப் பக்கத்துப் பழக்கம். 11-இன் 24எச்2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் நுழைந்தால், தகுதியுள்ள மெஷின்களில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகி, கீ இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிக்கொள்ளும். அந்த டிஸ்கை வேறு மெஷினில் செருகினால் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் இருக்கும். அதைத் தாளில் எழுதி, கடையில் இல்லாமல் வீட்டில் வையுங்கள். அக்கவுன்ட் கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்த பையனின் மெயிலில் இருக்கக் கூடாது, உங்கள் மெயிலில், உங்கள் போன் நம்பரில் இருக்க வேண்டும்.

லினக்ஸ் மின்ட் நல்லது, இலவசம், 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய மெஷினிலும் சுறுசுறுப்பாக ஓடும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. யூனிகோட் தமிழ், தமிழ்99 விசைப்பலகை, லிப்ரே ஆபீஸ் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. மனு டைப் செய்யவும் பிரவுசிங்குக்கும் எனக்கு இதில் குறையில்லை. ஆனால் ஜெராக்ஸ் கடைகளில் வழக்கமாக ஓடும் சிறிய லேசர் பிரிண்டர்கள் சிலவற்றை இதில் பேச வைக்க மெனக்கெட வேண்டும். கைரேகைக் கருவியை மின்ட்டில் நான் ஓட்டிப் பார்த்ததில்லை, அதனால் கவுண்டருக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

பென்டிரைவில் செட்டப் தயாரிக்கும் ரூஃபஸ் என்ற சாஃப்ட்வேரை வைத்துத் தகுதிச் சோதனையைத் தாண்டி 11 போடுகிறவர்களும் உண்டு. ஆசைக்கு வீட்டில் செய்யலாம். தகுதியில்லாத மெஷினுக்கு அப்டேட் வரும் என்று உத்தரவாதமில்லை என மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. அப்டேட்டுக்காகத்தானே மாறுகிறோம்?

எப்போது மாறுவது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 10-லிருந்து அப்படியே அப்கிரேட் செய்தால் 10 நாளுக்குள் பழையதற்குத் திரும்ப வழி உண்டு. அந்த நாட்களுக்குள் நான்கு சாமான்களையும் உண்மையான வேலையில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் நிவாரண வேலை குவியும், நவம்பரில் ஓய்வூதியர்கள் வருவார்கள். அந்த இரண்டையும் விட்டு, கடை காற்றாடும் வாரமாகப் பார்த்துச் செய்யுங்கள். செட்டப் ஃபைல் 5 ஜிபிக்கு மேல் என்பதால் ஒருவர் இறக்கிப் பென்டிரைவில் போட்டால் தெருவில் உள்ள மற்றக் கடைகளுக்கும் ஆகும். தங்கச்சிமடத்துக்காரர்கள் என்னிடமே வாங்கிக்கொள்ளலாம்.