வேறு கொடி பிடிக்கும் படத்தை ரசிப்பது: வியாசர்பாடி மாடித் திரையிடல், ஒரு மதிப்புரை

வியாசர்பாடி ஜீவா ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில், ஒரு தையல் கடைக்கு மேலே இருக்கிறது அந்த அறை. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை 5.30-க்கு அங்கே படம் போடுகிறார்கள். பெயர்ப்பலகை கிடையாது. தலைக்கு 50 ரூபாய், தேநீரும் சுண்டலும் அதில் அடக்கம். 32 நாற்காலிகள். படத் தேர்வுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: வருகிறவர்களில் பாதிப் பேராவது அந்தப் படத்தின் அரசியலை ஏற்காதவர்களாக இருக்க வேண்டும்.

வடசென்னையில் அப்படி ஆள் சேர்ப்பது கஷ்டமில்லை. அப்பாவுக்குச் சூரியன், மாமாவுக்கு இலை, மகனுக்கு நீலக்கொடி என்று ஒரே வீட்டுக்குள்ளேயே பிரிந்து கிடக்கும். கஷ்டம் படம் முடிந்த பிறகுதான் வரும். அந்த இடத்தை இவர்கள் கையாளும் விதத்துக்காகவே இந்தத் திரையிடலைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் கருவிகள். 3,000 லூமன் வெளிச்சம் தரும் புரொஜெக்டர், 100 அங்குலத் திரை. அதாவது 221 செ.மீ. அகலம், 125 செ.மீ. உயரம். இந்த லென்ஸுக்குத் திரை அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் வேண்டும் என்பதால் திரையிலிருந்து 3.3 மீட்டர் தள்ளி வைத்திருக்கிறார்கள். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி. ஸ்பீக்கருக்கு ப்ளூடூத் வேண்டாம் என்று வயரே இழுத்திருப்பது நல்ல முடிவு. ப்ளூடூத்தில் ஒலி ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு வரை பின்தங்கும். சண்டைப் படத்தில் அதைச் சகித்துக்கொள்ளலாம்; வசனத்தால் நிற்கும் படத்தில் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கமாகிவிடும். மின்வெட்டில் விளக்கு சட்டென அணைந்தால் புரொஜெக்டர் சூட்டில் கெடலாம். அதனால் ஒரு சிறிய யுபிஎஸ்ஸும் வைத்திருக்கிறார்கள்.

பழைய படங்களுக்கு இன்னொரு கவனம் தேவை. 1950-களின் தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் 4:3-ஐ ஒட்டிய சட்டத்தில் எடுக்கப்பட்டவை. திரை நிறைய வேண்டுமென்று இன்றைய 16:9 அகலத்துக்கு இழுத்தால் எல்லார் முகமும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாகிவிடும். மேலும் கீழும் வெட்டினால் தலை போய்விடும். இங்கே 166 செ.மீ. அகலத்தில் மட்டும் படத்தை விழவைத்து, இருபக்கமும் கறுப்பாக விட்டுவிடுகிறார்கள். அதோடு, பிரதியின் நீளத்தையும் முன்கூட்டியே சரிபார்க்கிறார்கள். இணையத்தில் கிடைக்கும் பல பிரதிகளில் காட்சிகள் விடுபட்டிருக்கும். சண்டை போட வேண்டிய காட்சியே பிரதியில் இல்லையென்றால் எதைப் பற்றிப் பேசுவது?

சட்ட விஷயத்திலும் ஒழுங்காக இருக்கிறார்கள். இந்தியாவில் திரைப்படத்தின் காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1952-இல் வந்த படத்துக்கு 2012 முடிவோடு தீர்ந்தது. 1965-இல் வந்ததற்கு 2025 முடிவோடு. வசனம், பாடல், இசை இவற்றின் உரிமை தனிக்கணக்கு. அதையும் கேட்டுக்கொண்டுதான் போடுகிறார்கள். வீட்டுக்காக வாங்கிய ஓடிடி சந்தாவைக் கொண்டு பொது இடத்தில் படம் போட முடியாது. ஆகவே புதிய படமென்றால் வீட்டிலேயே பார்த்துவிட்டு, பேசுவதற்கு மட்டும் இங்கே வரச் சொல்கிறார்கள்.

இவர்களின் திறமை தெரிவது ஜோடி சேர்ப்பதில். ஒரு மாதம் ‘பராசக்தி’ (1952), அடுத்த மாதம் ‘திருவிளையாடல்’ (1965). இரண்டிலும் சிவாஜி கணேசன். முதலாவதில், கருணாநிதியின் வசனத்தில், கோவிலில் நடக்கும் கொடுமைக்கு நீதிமன்றக் கூண்டில் நின்று கணக்குக் கேட்கிறார். இரண்டாவதில் அவரே சிவபெருமான். பக்தியுள்ளவர் முதல் படத்திலும் பகுத்தறிவாளர் இரண்டாம் படத்திலும் திணற வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் அறையில் நடப்பது அதுவல்ல. பராசக்தியின் குடும்பம் ரங்கூனிலிருந்து போருக்குத் தப்பி வருவது. பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் குடியேறிய வியாசர்பாடியில், நெற்றி நிறைய விபூதியோடு வரும் பெரியவர்கள்கூட முதல் அரைமணியிலேயே அந்தப் படத்துக்குச் சொந்தமாகிவிடுகிறார்கள். திருவிளையாடலில், கடவுளே எழுதிக்கொடுத்த பாட்டென்றாலும் பிழை பிழைதான் என்று ஒரு புலவர் முகத்துக்கு நேரே சொல்லும் இடத்தில் கறுப்புச்சட்டைக்காரர்கள்தான் முதலில் கைதட்டுகிறார்கள். அந்தப் புலவராக நடித்தவர் படத்தின் இயக்குநர் ஏ.பி. நாகராஜனே.

தமிழ் சினிமா இப்படித்தான் வளர்ந்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முருக பக்தரான சின்னப்பா தேவர், திமுகவிலிருந்த எம்.ஜி.ஆரை வைத்துப் படத்துக்கு மேல் படம் எடுத்தார். திமுக மேடையில் நின்ற கண்ணதாசன் பின்னாளில் இந்து மதத்துக்கு விளக்கம் எழுதினார். பார்வையாளர்களும் இரண்டு பக்கத்துக்கும் சீட்டு வாங்கியவர்கள்தான்.

படம் முடிந்ததும் பத்து நிமிடம் தேநீர். அப்போது படத்தைப் பற்றிப் பேசக்கூடாது. பிறகு ஒவ்வொருவரும் தன்னை இழுத்துக்கொண்ட ஒரு காட்சியை மட்டும் சொல்ல வேண்டும். சரி, தப்பு என்ற சொற்களுக்கு இன்னும் அனுமதியில்லை. அதிகம் பேர் சொன்ன காட்சியில் நான்கு நிமிடத்தை எடுத்து, முதலில் ஒலியில்லாமல் போடுகிறார்கள். அடுத்து, லென்ஸை மூடிவிட்டு ஒலியை மட்டும். கண்ணீர் எங்கிருந்து வந்தது என்பது அப்போது தெரிந்துவிடும். சில நேரம் வயலினிலிருந்து வந்திருக்கும். சில நேரம் ஒரு வாக்கியத்தின் மூச்சிலிருந்து. அதற்குப் பிறகுதான் அரசியல். இந்தக் கதையில் யாருக்கு வசனமே இல்லை? வில்லனின் தரப்பு நியாயம் ஒரு வரியாவது சொல்லப்பட்டதா? இந்த இரண்டு கேள்விகளோடு தொடங்குகிறார்கள்.

வழக்கமாகக் கெடுவது ஒரே இடத்தில்தான். “நடிப்பெல்லாம் சூப்பருண்ணா, கருத்துதான் நமக்கு ஆவாது” என்று ஒருவர் இரண்டாகக் கிழித்து வைத்துவிட்டால் பேச்சு அதோடு முடிந்துவிடும். அது தப்பித்துக்கொள்ளும் பேச்சு. பராசக்தியின் வேகம் அதன் கோபத்திலிருந்து வருவது. கோபத்தை எடுத்துவிட்டு நடிப்பை மட்டும் ரசித்தேன் என்பது உண்மையாக இருக்க முடியாது. ஏற்காத கருத்தின் ருசி நாக்கில் பட்டது, இனித்தது என்று ஒப்புக்கொண்டால்தான் எந்த இடத்தில் நம்மை நகர்த்தினார்கள் என்று விரல் வைத்துக் காட்ட முடியும். நடத்தும் அக்கா இதை விடாமல் கேட்கிறார்: “கருத்து ஆவாதுன்னா, அந்தக் காட்சியில ஏன் கைதட்டுனீங்க?”

‘சார்பட்டா பரம்பரை’ (2021) பற்றிப் பேசிய மாதம் இதற்கு நல்ல சான்று. நெருக்கடி நிலைக் காலத்து வடசென்னைக் குத்துச்சண்டைக் கதை. திமுக பக்கம் சாய்வாக இருக்கிறது என்று அதிமுக தரப்பு அப்போதே எதிர்த்த படம். இராயபுரத்திலிருந்து வந்த இலைக்காரர்கள் படத்தில் வரும் டான்சிங் ரோஸ் என்ற குத்துச்சண்டை வீரனின் கால்வீச்சைச் சுற்றுச் சுற்றாக விளக்கினார்கள். அதே மூச்சில், கறுப்பு-சிவப்பு வேட்டியை எங்கெங்கே வெளிச்சத்தில் நிறுத்தியிருக்கிறார்கள் என்றும் காட்டினார்கள். ஆதரவாளர்கள் கவனிக்காமல் விட்டவை அவை.

வெளிநாட்டுப் படங்களில் சோவியத் படமான ‘பேட்டில்ஷிப் பொட்டெம்கின்’ (1925) நன்றாக எடுபடுகிறது. ஊமைப்படம் என்பதால் எழுத்து அட்டைகளை ஒருவர் தமிழில் வாசிக்கிறார். கோஷம்போல உரக்க வாசித்தது தவறு; படமே போதுமான அளவு உரக்கப் பேசுகிறது, சாதாரணக் குரல் போதும். கம்யூனிஸ்டுகளின் எதிரியான, ஹிட்லரின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸே இந்தப் படத்தின் வலிமையைப் பாராட்டினார் என்ற தகவலைப் படம் முடிந்த பிறகு சொன்னது சரியான வரிசை.

அமெரிக்க வெள்ளை இனவெறிக் கும்பலான கு க்ளக்ஸ் கிளானைப் போற்றிய 1915-இன் ‘த பர்த் ஆஃப் எ நேஷன்’ படத்தை முழுதாகப் போடவில்லை, 12 நிமிடம் மட்டும். இங்கே இவர்களின் விதி பாராட்டுக்குரியது. ஒரு படம் யாரைக் கேவலப்படுத்துகிறதோ அவர்கள் அறையில் இருந்தால், போடலாமா என்பதை அவர்களே முடிவு செய்வார்கள், அதுவும் ஒரு வாரம் முன்பே. சாதிப் பெருமை பேசும் இரண்டு தமிழ்ப் படங்கள் இப்படி நின்றுபோயிருக்கின்றன. கருத்து வேறுபாட்டை ரசிக்கலாம். தன் மனிதத்தன்மையையே மறுக்கும் படத்தை ரசித்துக் காட்டு என்று யாரையும் கேட்க முடியாது.

குறைகள் உண்டு. படிக்கட்டு செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். முட்டி வலிக்காரர்களுக்கு ஆகாது. மூன்று மணி நேரப் படம் என்றால் பேச்சு முடிய இரவு 10 ஆகிறது, கொருக்குப்பேட்டை, எண்ணூர் பக்கம் போகும் பெண்கள் பாதியிலேயே கிளம்புகிறார்கள். அப்படிப்பட்ட படங்களுக்கு 4 மணிக்கே தொடங்கலாம். ரயில் போகும் சத்தத்தில் மெல்லிய வசனங்கள் அடிபடுகின்றன. முன்வரிசை இடப்பக்கம் உட்கார்ந்தால் ஓரளவு கேட்கும். அந்த வரிசையில் ஏழு நாற்காலிகள்தான், 5.10-க்குள் போய்விட வேண்டும். படம் விட்டு இறங்கினால் தெருமுனையில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்கும் வண்டி நிற்கும், பேச்சு அங்கேயும் தொடரும்.