பிங்க் ஃபிளாய்ட்: எந்த ஆல்பத்தில் தொடங்குவது?

பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான பிங்க் ஃபிளாய்டில் எதை முதலில் கேட்கலாம் என்று யார் கேட்டாலும், 1973-இல் வந்த 'டார்க் சைடு ஆஃப் தி மூன்' என்றுதான் பதில் வரும். நியாயமான பதில். 43 நிமிடத்தில் ஒரு நொடிகூட வீண் இல்லை. ஏபி ரோடு ஸ்டுடியோவில் ஆலன் பார்சன்ஸ் பதிவு செய்த ஒலி இன்றைக்கும் பழசாகவில்லை. அவர்களின் ஆகச் சிறந்த ஆல்பம் இதுதான்.

எம்பி3-யாகக் கேட்டால் மட்டும் எரிச்சல் தாங்காது. முதல் டிராக்கில் இதயத்துடிப்பு, கடிகாரம், சிரிப்பு எல்லாம் ஏறிக்கொண்டே போய் ஓர் அலறலில் உச்சம் தொடும். அதே வேகத்தில் அடுத்த பாட்டான 'பிரீத்' வந்து இறங்க வேண்டும். சரியாக அந்த இடத்தில் பிளேயர் ஊமையாகிறது. 'பிரெயின் டேமேஜ்' முடிந்து 'எக்லிப்ஸ்' எடுக்கும் இடத்திலும் இதே கொடுமை. 'மணி' பாட்டுக்கு முன்னால் விழும் இடைவெளி மட்டும் உறுத்தாது. எல்பி இசைத்தட்டைத் திருப்பிப் போடும் இடம் அது.

காரணம் எம்பி3-யின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒலியை 1152 சாம்பிள் (ஒலியின் நுண்ணளவீடு) கொண்ட துண்டுகளாகத்தான் அது சேமிக்கும். பாட்டு பாதித் துண்டில் முடிந்தால் மீதியில் மௌனத்தை நிரப்பும். தொடக்கத்திலும் கொஞ்சம் சேர்க்கும். எவ்வளவு சேர்த்தோம் என்று லேம் என்கோடர் (எம்பி3 உருவாக்கும் மென்பொருள்) ஃபைலிலேயே குறித்து வைக்கிறது. ஆனால் கார் ஸ்டீரியோக்களில் பல அந்தக் குறிப்பைப் படிப்பதே இல்லை.

சிடியை ஃபிளாக்காக (தரம் குறையாமல் சுருக்கும் ஃபைல் வகை) ரிப் செய்தால், அதாவது கணினிக்கு நகலெடுத்தால், இந்த நிரப்பல் வராது. யுஎஸ்பி ஸ்டிக்கில் போடுவதென்றால் ஆல்பம் முழுவதையும் ஒரே ஃபைலாக எடுங்கள். விரும்பிய பாட்டுக்குத் தாவ முடியாது, ஆனால் வெட்டு விழாது. ஆப்பில் கிராஸ்ஃபேடை (ஒரு பாட்டின் முடிவை அடுத்ததோடு கலக்கும் வசதி) 0-இல் வையுங்கள், ஷஃபிளை அணையுங்கள். ரீப்ளேகெயின் (பாட்டுகளின் சத்தத்தைச் சமன்செய்யும் வசதி) இருந்தால் 'டிராக்' வேண்டாம், 'ஆல்பம்' முறை போதும். இல்லாவிட்டால் மெல்லிய பாட்டும் பெரிய பாட்டும் ஒரே சத்தத்துக்கு வந்து, ஒட்டும் இடத்தில் வால்யூம் எகிறும். சிடி எழுதும்போது 'டிஸ்க்-அட்-ஒன்ஸ்' (முழு சிடியையும் ஒரே மூச்சில் எழுதும் முறை) கட்டாயம். 'டிராக்-அட்-ஒன்ஸ்' பாட்டுக்குப் பாட்டு 2 நொடி மௌனத்தைச் செருகும்.

1975-இன் 'விஷ் யூ வேர் ஹியர்' தப்பிக்கும் என்று நினைக்க வேண்டாம். பாட்டு ஐந்துதான். ஆனாலும் தலைப்புப் பாட்டின் கடைசியில் எழும் காற்றுச் சத்தம் அப்படியே அடுத்த டிராக்குக்குள் நுழைகிறது. அந்தக் காற்று நடுவில் அறுபட்டால் பாட்டே கெட்டுவிடும்.

ஆகவே, இத்தனை வேலைக்கும் பொறுமை இல்லாதவர்கள் 1977-இன் 'அனிமல்ஸ்' வாங்குங்கள். 'டாக்ஸ்' மட்டுமே 17 நிமிடம், நடுவில் எந்த ஒட்டும் இல்லாமல். பழைய பதிப்பு கொஞ்சம் மங்கலாக ஒலிக்கும். 2022-இல் வெளியான ரீமிக்ஸில் டிரம்ஸும் பேஸும் தெளிவாகப் பிரிந்து கேட்கின்றன. அதையே எடுங்கள்.