ஓகேடி3 ஆன்டிபாடி: டி செல்லைத் தூண்ட வாங்கலாமா?

வாங்கலாம், லேபிளை முழுசாகப் படித்துவிட்டு. மனித டி செல்லின் (நோயெதிர்ப்பு வெள்ளையணு) மேலுள்ள சிடி3 எப்சிலான் என்ற புரதத்தைப் பிடிக்கும் சுண்டெலி மோனோக்ளோனல் ஆன்டிபாடி, அதாவது ஒரே செல் வழியில் (குளோன்) உருவானது இது; ஐஜிஜி2ஏ என்ற ஆன்டிபாடி வகை. சிறுநீரக மாற்று நிராகரிப்பை அடக்கும் மருந்தாக 1986-இல் அமெரிக்கா அனுமதித்த அதே குளோன்தான்.

குளோன் ஒன்றானாலும் பாட்டில்கள் ஒன்றல்ல. செல்களை ஒவ்வொன்றாக லேசரில் அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் நிறமேற்ற விற்பதில், கெடாமலிருக்க சோடியம் அசைடு சேர்த்திருப்பார்கள், பெரும்பாலும் 0.09 சதவீதம். விலை மலிவென்று அதைக் கல்ச்சரில் ஊற்றினால் மைட்டோகாண்ட்ரியா முடங்கி செல்கள் பெருகாது. பழி மட்டும் ஆன்டிபாடி மேல் விழும். பாக்டீரியா நச்சான எண்டோடாக்சின் இன்னும் விஷமம் பிடித்தது. மோனோசைட் என்ற வேறு வெள்ளையணுக்களைக் கிளப்பி சைட்டோகைன் எனும் சமிக்ஞைப் புரதங்களைக் கொட்டவைக்கும், சோதனை ஜெயித்த மாதிரியே தெரியும். ஆகவே அசைடு இல்லாத, எண்டோடாக்சின் குறைந்த ‘ஃபங்ஷனல் கிரேடு’தான் வேண்டும். கிருமியைத் தடுக்க அதில் எதுவும் இல்லாததால், கிருமியற்ற காற்று ஓடும் ஹூட்டுக்கு வெளியே மூடியைத் திறக்காதீர்கள்.

பயன்படுத்தும் விதம்: வெறும் பிபிஎஸ்ஸில் (உப்புத் தாங்கல் கரைசல்) மில்லிக்கு 5 மைக்ரோகிராம் கரைத்து, 96 வெல் தட்டையடித் தட்டில் வெல்லுக்கு 100 மைக்ரோலிட்டர் விடுங்கள். 37 டிகிரியில் 2 மணி நேரம், அல்லது 4 டிகிரியில் இரவு முழுக்க. இந்தக் கரைசலில் சீரமோ பிஎஸ்ஏவோ (மாட்டு அல்புமின்) கலந்தால் அந்தப் புரதம் பிளாஸ்டிக்கில் இடம்பிடித்துவிடும், ஆன்டிபாடி ஒட்டாது. பிறகு பிபிஎஸ்ஸால் 2 முறை கழுவி, வெல் காய்வதற்குள் 1 லட்சம் செல்களை 200 மைக்ரோலிட்டர் மீடியத்தில் போடுங்கள். கூடவே கரைந்த நிலையில் சிடி28.2 (டி செல்லுக்கு இரண்டாவது சமிக்ஞை தரும் சிடி28 ஆன்டிபாடி), மில்லிக்கு 1 முதல் 2 மைக்ரோகிராம். தூண்டலின் அடையாளமான சிடி69 மறுநாளே ஏறியிருக்கும். செல் பிரியப் பிரிய சிஎஃப்எஸ்இ சாயம் நீர்ப்பதைப் பார்க்க 3, 4 நாள் பொறுக்க வேண்டும்.

தட்டில் பூசாமல் நேராக மீடியத்தில் கலந்தாலும் பிபிஎம்சியில் (டி செல், மோனோசைட் எல்லாம் கலந்த ரத்த வெள்ளையணுக்கள்) நன்றாகவே வேலை செய்யும். மோனோசைட்டின் எஃப்சி ரிசெப்டர் ஆன்டிபாடியின் வாலைப் பிடித்து சிடி3களை ஓரிடத்தில் குவிப்பதே காரணம். பிரித்தெடுத்த டி செல்லில் அப்படிப் பிடிக்க ஆளில்லை; தூண்டல் அநேகமாகப் பூஜ்யம். “பிபிஎம்சியில் வந்தது, சுத்தமான டி செல்லில் வரவில்லை” என்ற புலம்பல்களில் பாதி இதுதான்.

இன்னொரு சிடி3 ஆன்டிபாடியான யூசிஎச்டி1 குளோன் ஐஜிஜி1 வகை. மனிதர்களின் எஃப்சி ரிசெப்டர் ஆளுக்கு ஆள் மாறுவதால், கரைந்த நிலையில் சில டோனர்களிடம் அது எடுபடாது. ஓகேடி3க்கு அந்தத் தொல்லை குறைவு. தட்டில் பூசினால் இரண்டும் சரி. ஃபிக்ஸ் செய்து துளையிட்ட செல்லில் நிறமேற்ற மட்டும் யூசிஎச்டி1 மேல்.

ஒரு குறை உண்டு, குளோனின் குற்றமில்லை. தூண்டிய செல் சிடி3ஐ உள்ளே இழுத்துக்கொள்ளும், மிச்சம் இருப்பதையும் ஓகேடி3யே மறைத்திருக்கும். பிறகு சிடி3 கேட் போட்டால் (சிடி3 தெரியும் செல்களை மட்டும் தேர்ந்தெடுத்தால்) டி செல்கள் செத்துப்போனது போலத் தோன்றும். சிடி4, சிடி8, அல்லது சிடி5 வைத்து கேட் போடுங்கள்.