ஜாவா.டைம்: தவறைச் சத்தமாகச் சொல்லும் லைப்ரரி, சில இடங்களைத் தவிர

விண்ணப்பப் படிவத்தில் ஒருவர் 31/02/2023 என்று அடித்து அனுப்புகிறார். பிப்ரவரியில் அப்படியொரு நாளே கிடையாது. ஜாவா நிரல்மொழியில் எழுத்தைத் தேதியாக மாற்றும் பழைய சிம்பிள்டேட்ஃபார்மேட் அதை வாங்கிக்கொண்டு மார்ச் 3 என்று திருப்பித் தரும். தேதி, நேரத்துக்கான புதிய ஜாவா.டைம் லைப்ரரியின் டேட்டைம்ஃபார்மேட்டர் அதையே பிப்ரவரி 28 ஆக்கிவிடும். இரண்டும் பிழை எதுவும் காட்டாது. ஜாவா.டைம் லைப்ரரியை மதிப்பிடுகிறவர்கள் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் தவறான தேதியைக் கையும் களவுமாகப் பிடிக்கிற லைப்ரரி, இங்கே வாயைத் திறப்பதில்லை.

2014 மார்ச்சில் வந்த ஜாவா 8-உடன் இது சேர்ந்தது. அதற்கு முன் பலரும் நம்பியிருந்த ஜோடா-டைம் என்ற தேதி லைப்ரரியை எழுதிய ஸ்டீஃபன் கோல்போர்ன்தான் இதன் வடிவமைப்பிலும் முன்னின்றவர். தேதி மட்டும் என்றால் லோக்கல்டேட், நேரமும் சேர்ந்தால் லோக்கல்டேட்டைம், நேர மண்டலமும் வேண்டுமென்றால் ஸோன்ட்டேட்டைம், உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு கணம் என்றால் இன்ஸ்டன்ட். பிறந்த நாளுக்கு மணி நிமிடம் கிடையாது. அதை லோக்கல்டேட்டில் வைத்தால் நேர மண்டலம் மாறி ஒரு நாள் முன்னே பின்னே போகிற தொல்லையே எழாது. இந்தப் பிரிப்பு ஒன்றுக்காகவே பழையதை விட்டு இதற்கு வந்துவிடலாம்.

பழையதில் என்னென்ன வலி இருந்தது என்று தெரிந்தால்தான் இதன் அருமை புரியும். சிம்பிள்டேட்ஃபார்மேட் தனக்குள் ஒரு காலண்டரை வைத்துக்கொண்டு, பார்ஸ் செய்யும்போதெல்லாம், அதாவது எழுத்தைப் படித்துத் தேதியாக்கும்போதெல்லாம், அதையே மாற்றி எழுதும். அதை எல்லோருக்கும் பொதுவான ஒன்றாக, ஸ்டாட்டிக்காக, வைத்து இரண்டு த்ரெட்கள் (நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஒரே நேரத்தில் கூப்பிட்டால், ஒருவருடைய தேதி இன்னொருவருடைய பதிவில் போய் உட்காரும். டெஸ்டில் ஒருபோதும் அகப்படாது. கூட்டம் ஏறும் நாளில்தான் வெளிப்படும். டேட்டைம்ஃபார்மேட்டர் உருவான பிறகு மாறவே மாறாது. ஸ்டாட்டிக் ஃபைனலாக ஒருமுறை உருவாக்கி எத்தனை த்ரெட்டுக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

பழையதுக்கு 2024-03-15 என்பதற்குப் பின்னால் ஏதாவது குப்பை எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தாலும் கவலையில்லை. தேதியை எடுத்துக்கொண்டு மீதியைக் கண்டுகொள்ளாது. புதியது மீதி எழுத்து எந்த இடத்தில் தொடங்குகிறது என்று எண்ணோடு சொல்லி நிறுத்தும். தேதியின் வடிவத்தை எழுத்துகளால் சொல்லும் பேட்டர்னில் ஆண்டுக்கு நான்கு ஒய் (yyyy) கொடுத்துவிட்டு 15/03/24 என்று உள்ளிட்டால், பழையது கி.பி. 24-ஆம் ஆண்டுக்கே போய்விடும். புதியது நான்கு இலக்கம் இல்லை என்று மறுக்கும். மைக்ரோ விநாடி வரை வருகிற 10:15:30.123456 போன்ற நேரம் இன்னும் மோசம். பழையதில் கேப்பிட்டல் எஸ் என்றால் மில்லி விநாடி மட்டுமே. ஆகவே 123456 மில்லி விநாடி, அதாவது 2 நிமிடம் 3.456 விநாடியைக் கூட்டி 10:17:33.456 என்று தரும். லாக் கோப்புகளை ஒப்பிடும்போது நிகழ்வுகளின் வரிசையே குலைந்து தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஜாவா.டைமில் கேப்பிட்டல் எஸ் விநாடியின் பின்னம். ஆறு போட்டால் ஆறு இலக்கம், சரியாக வரும்.

இவ்வளவு கறாரான லைப்ரரி பிப்ரவரி 31-ஐ ஏன் விட்டுவிடுகிறது? ஆஃப்பேட்டர்ன் மூலம் உருவாகும் ஃபார்மேட்டர் இயல்பாக ஸ்மார்ட் என்ற முறையில் வேலை செய்யும். அந்த முறையில் நாள் 1 முதல் 31-க்குள் இருந்தால் போதும்; அந்த மாதத்தில் அத்தனை நாள் இல்லையென்றால் கடைசி நாளுக்கு இழுத்துக்கொள்ளும். 32 என்று கொடுத்தால் பிழை வரும், ஏப்ரல் 31 கொடுத்தால் ஏப்ரல் 30 வரும். பேட்டர்ன் எதுவும் கொடுக்காமல் லோக்கல்டேட்.பார்ஸ் என்று ஆண்டு-மாதம்-நாள் என வரும் ஐஎஸ்ஓ வடிவத்தைப் படித்தால் அது ஸ்ட்ரிக்ட் முறை. அங்கே 2023-02-31 உடனே பிழையாகும். ஒரே லைப்ரரியில் இரண்டு விதம் என்பது எனக்கு ஒப்புதல் இல்லாத முடிவு. இதை இயல்பாகவே ஸ்ட்ரிக்ட் ஆக்கியிருக்க வேண்டும்.

சரிசெய்ய ஒரு வரி போதும்: ஃபார்மேட்டரின் முடிவில் வித்ரிசால்வர்ஸ்டைல் சேர்த்து ஸ்ட்ரிக்ட் கொடுக்க வேண்டும். ஆனால் அதைச் செய்த கையோடு எல்லாத் தேதியும் பிழையாகும். நல்ல தேதியும்தான். லோக்கல்டேட்டைப் பெற முடியவில்லை என்ற செய்தியில் இயர்ஆஃப்எரா என்ற சொல்லைப் பார்க்கலாம். காரணம், ஸ்மால் ஒய் என்பது சகாப்தத்தோடு சேர்ந்த ஆண்டு, கி.மு.வா கி.பி.யா என்று சொல்லாதவரை ஸ்ட்ரிக்ட் முறை ஏற்காது. நான்கு ஒய்க்குப் பதிலாக நான்கு ஸ்மால் யு போட்டால் சரியாகிவிடும். பலர் இந்த இடத்தில் திகைத்து ஸ்ட்ரிக்டை எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எடுக்க வேண்டியது ஒய்யைத்தான். அந்த யு-வை அப்படியே பழைய சிம்பிள்டேட்ஃபார்மேட்டில் ஒட்டிவிடக் கூடாது. அங்கே யு என்றால் வார நாளின் எண், திங்கள் 1.

எழுத்துகளில் உள்ள மற்றப் பொறிகளையும் பார்த்துவிடலாம். கேப்பிட்டல் ஒய் வாரக் கணக்கு ஆண்டு: 2019 டிசம்பர் 31-ஐ அதில் அச்சிட்டால் 2020 டிசம்பர் 31 என்று வரும், ஏனென்றால் அந்த வாரம் 2020-இன் முதல் வாரம். வருடத்தில் மற்ற நாளெல்லாம் சரியாக இருந்துவிட்டு, ஆண்டு மாறும் அந்தச் சில நாட்களில் மட்டும் தவறும். ரிவியூவில் கண்ணால் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். கேப்பிட்டல் எம் மாதம், ஸ்மால் எம் நிமிடம். இவற்றை மாற்றிப் போட்டால் பழையது நிமிடத்தை மாதம் இருக்க வேண்டிய இடத்தில் அச்சிடும். லோக்கல்டேட்டோ தன்னிடம் நிமிடமே இல்லை என்று பிழை தரும். ஸ்மால் ஹெச் 12 மணிக் கணக்கு. முற்பகல் பிற்பகலைச் சொல்லும் ஸ்மால் ஏ இல்லாமல் அதைப் போட்டால் 14:30 என்பது 02:30 என்று அச்சாகும். படிக்கும்போது நேரத்தைத் தீர்மானிக்க முடியாமல் பிழை வரும். நாளுக்கு இரண்டு டி போட்டால் 05 மட்டும் செல்லும், 5 செல்லாது. ஒரு டி போட்டால் இரண்டும் செல்லும். மனிதர்கள் கையால் அடிக்கும் பெட்டிக்கு ஒற்றை டி-யே நல்லது.

இரண்டு இலக்க ஆண்டில் கவனம் வேண்டும். இரண்டு ஒய் என்றால் ஜாவா.டைம் எப்போதும் 2000 முதல் 2099 வரை என்றே எடுக்கும். 15/08/72 என்ற பிறந்த தேதி 2072 ஆகும். பழையது இன்றைக்கு 80 ஆண்டு பின்னும் 20 ஆண்டு முன்னும் என்று கணக்கிட்டதால் 1972 வந்துகொண்டிருந்தது. அங்கிருந்து மாறும் புராஜெக்ட்களில் கட்டாயம் இடறும். ஃபார்மேட்டரைத் துண்டு துண்டாகக் கட்ட உதவும் டேட்டைம்ஃபார்மேட்டர்பில்டரில் அப்பெண்ட்வேல்யூரெட்யூஸ்டு என்று ஒன்று உண்டு. அதற்கு ஓர் அடிப்படைத் தேதி கொடுத்தால் அதிலிருந்து 100 ஆண்டு எல்லையாகும். பிறந்த தேதிக்கு இன்றைக்கு 99 ஆண்டுக்கு முந்தைய தேதியைக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாக அமையும்.

மாதப் பெயர் எழுத்தில் வந்தால் லொக்கேலை, அதாவது எந்த மொழி, எந்த நாடு என்ற அமைப்பை, எப்போதும் கையால் கொடுங்கள். கொடுக்காவிட்டால் சர்வரின் இயல்பு லொக்கேலை எடுத்துக்கொள்ளும். டெவலப்பரின் மடிக்கணினியில் ஓடியது சர்வரில் விழும். ஜாவா 9-இல் மொழித் தரவு முழுவதும் சிஎல்டிஆர் என்ற பொதுத் தொகுப்புக்கு மாறியது. அந்தத் தொகுப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறும். ஜாவா 16-இல் பிரிட்டன் ஆங்கிலத்தில் செப்டம்பரின் மூன்றெழுத்துச் சுருக்கம் நான்கெழுத்தானது. ஜாவா 20-இல் அமெரிக்க ஆங்கில நேரத்தில் ஏஎம், பிஎம்முக்கு முன்னிருந்த சாதாரண இடைவெளி, கண்ணுக்கு அதேபோலத் தெரியும் வேறொரு குறுகிய இடைவெளியாகிவிட்டது. டெஸ்ட் தோற்கும், இரண்டு ஸ்ட்ரிங்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. இதெல்லாம் லொக்கேலைச் சார்ந்த பெயர்களையும், வடிவத்தையே லொக்கேலிடம் விட்டுவிடும் ஆஃப்லோக்கலைஸ்டு வகைகளையும் பிறகு பார்ஸ் செய்யப்போகும் தரவுக்குப் பயன்படுத்துவதால் வரும் வினை. திரையில் காட்ட மட்டும் அவற்றை வையுங்கள். சேமிக்கவும் அனுப்பவும் ஐஎஸ்ஓ வடிவம் போதும். வங்கி எக்ஸ்போர்ட்களில் மாதம் முழுக் கேப்பிட்டலில் வரும். அதற்கு பில்டரில் பார்ஸ்கேஸ்இன்சென்சிடிவ் வேண்டும். அதைப் பேட்டர்னுக்கு முன்னால் கூப்பிட வேண்டும். பின்னால் கூப்பிட்டால் ஒரு பலனும் இல்லை.

தமிழில் தேதி காட்டுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. பேட்டர்னில் ஒதுக்கப்பட்டவை ஆங்கில எழுத்துகளும் சில குறிகளும்தான். ஆகவே ஆம் தேதி என்பதைத் தமிழிலேயே மேற்கோள் குறியில்லாமல் டி-க்குப் பின்னால் எழுதிவிடலாம், 15ஆம் தேதி என்று வரும். கிழமையில்தான் சிக்கல். தமிழ் லொக்கேல் ஞாயிறு, திங்கள், வெள்ளி என்று வெறும் பெயரைத் தரும். பின்னால் க்கிழமை என்று ஒட்டினால் வெள்ளிக்கிழமை சரியாக வரும். திங்கட்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் கெட்டுவிடும். பில்டரின் அப்பெண்ட்டெக்ஸ்ட்டுக்கு 1 முதல் 7 வரை ஏழு பெயரையும் மேப்பாகக் கொடுத்தால் புணர்ச்சி பிசகாமல் வரும். மாதத்துக்கும் இதே வழிதான். தமிழ் லொக்கேலின் சுருக்கப் பெயர்களில் ஜன., பிப். என்று முற்றுப்புள்ளி உண்டு. பயனர் புள்ளியில்லாமல் அடித்தால் பார்ஸ் ஆகாது.

நேர மண்டலத்தில் லைப்ரரியைக் குறைசொல்ல அதிகமில்லை. ஐஎஸ்டி என்ற மூன்றெழுத்தை மட்டும் உள்ளீடாக ஏற்காதீர்கள்; இந்தியாவுக்கும் இஸ்ரேலுக்கும் அயர்லாந்துக்கும் அது பொது. ஏசியா/கொல்கத்தா, ஏசியா/கொழும்பு என்று முழுப் பெயரையே வையுங்கள். அதன் பயன் பழைய பதிவுகளில் தெரியும். இன்று இரண்டுக்கும் 5:30 என்றாலும், இலங்கை 1996-இல் கடிகாரத்தை முன்னே நகர்த்தி, 2006 ஏப்ரலில்தான் 5:30-க்குத் திரும்பியது. உலகப் பொது நேரமான யுடிசியில் 2000 ஜனவரி 1 காலை 6:00 என்பது கொழும்பில் 12:00, சென்னையில் 11:30. இதை லைப்ரரி தானாகவே சரியாகத் தரும். 5:30 என்று கையால் கூட்டிய நிரல் தராது. கோடைக்கால நேரத்துக்காகக் கடிகாரத்தை மாற்றும் ஊர்களில் மட்டும் அந்தப் பழைய மௌனம் திரும்புகிறது. நியூயார்க்கில் 2024 மார்ச் 10 அதிகாலை 2:30 என்ற நேரமே இருக்கவில்லை. ஸோன்ட்டேட்டைம் கேட்காமல் 3:30 ஆக்கிவிடும்.

மாதத் தவணைக் கணக்கிலும் இதே குணம் உண்டு. 2024 ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டினால் பிப்ரவரி 29. அதோடு மேலும் ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 29, 31 அல்ல. ஒவ்வொரு தவணையையும் முந்தைய தவணையிலிருந்து கூட்டாமல், முதல் தேதியோடு எத்தனை மாதம் என்று கூட்ட வேண்டும்.

ஆண்ட்ராய்டில் ஏபிஐ 26 (ஆண்ட்ராய்டு 8) முதல் ஜாவா.டைம் நேரடியாகக் கிடைக்கும். அதற்குக் கீழே, புதிய வசதிகளைப் பழைய ஆண்ட்ராய்டிலும் ஓடவைக்கும் டீஷுகரிங்கை இயக்க வேண்டும். ஜாவா 6, 7-இல் மாட்டிக்கொண்ட பழைய புராஜெக்ட்டுக்கு இதே வசதிகளைத் தரும் த்ரீடென் பேக்போர்ட் இருக்கிறது. தரவை ஜேசன் வடிவத்தில் எழுதும் ஜேக்சன் லைப்ரரியின் 2-ஆம் பதிப்பைப் பயன்படுத்துகிறவர்கள் அதற்குரிய ஜேஎஸ்ஆர்310 மாட்யூலைச் சேர்த்து, தேதியை டைம்ஸ்டாம்ப்பாக எழுதும் அமைப்பையும் நிறுத்த வேண்டும். இரண்டாவதை மறந்தால் ஜேசனில் தேதி 2024, 3, 15 என்று மூன்று எண் கொண்ட அரேயாகப் போகும்.