செடி வைத்த தொட்டியெல்லாம் இயற்கை நீச்சல் குளம் ஆகாது: நான் ஏமாந்த கதை

குளோரின் கலந்த குளத்தில் நீந்திவிட்டு வந்தால் என் மகளுக்குக் கண் சிவந்துவிடும். முழங்கை மடிப்பில் தோல் தடித்து இரவெல்லாம் அரிக்கும். ஆனால் நீச்சல் என்றால் அவளுக்கு உயிர். அதனால்தான், "தோட்டத்திலேயே ரசாயனம் இல்லாத இயற்கைக் குளம் கட்டித் தருகிறேன்" என்று ஒருவர் வந்தபோது நான் அதிகம் விசாரிக்காமல் தலையாட்டிவிட்டேன்.

இயற்கை நீச்சல் குளம் என்பதே மோசடி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். குளோரினுக்குப் பதில் செடிகளையும் நுண்ணுயிர்களையும் கொண்டு நீரைச் சுத்தம் செய்யும் முறை அது; 1980களில் ஆஸ்திரியாவில் வேரூன்றிப் பல நாடுகளுக்குப் பரவியது. நன்றாகக் கட்டிய ஒரு குளத்தில் நான் நீந்தியும் இருக்கிறேன். மூக்கைத் துளைக்கும் நெடி இல்லை, கண் எரியவில்லை, கரையோர நாணலில் தும்பிகள் உட்கார்ந்து எழுந்தன. வெளியே வர மனமே இல்லை. அந்த ஆசையைத்தான் இவர் காசாக்கிக்கொண்டார்.

அவர் காட்டிய படங்களில் ஒன்று சுவிட்சர்லாந்தின் ரீஹன் ஊரில் 2014இல் திறக்கப்பட்ட பொதுக் குளம். அழகான மரத்தளம், தெளிந்த நீர். அவர் காட்டாத படம் ஒன்று உண்டு. அந்தக் குளத்துக்கு எதிரே, சாலையைத் தாண்டிய சரிவில், நீரைச் சுத்தம் செய்யும் செடிப் படுகைகள் இருக்கின்றன. வேலை முழுவதும் அங்கேதான் நடக்கிறது. குளத்து நீர் பம்பு வழியே சரளைக் கற்களுக்குள் ஊடுருவிப் போகும். கற்களின் மேல் வழவழப்பாகப் படர்ந்திருக்கும் நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கும். சிதைந்ததில் உள்ள சத்தை நாணலும் கோரையும் உறிஞ்சிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீரில் திரியும் சின்னஞ்சிறு நீர்ப்பூச்சிகள் பாசியைத் தின்னும். செடிகளையே நம்பிய குளத்தில், நீந்தும் பரப்புக்கு ஏறக்குறையச் சமமான இடம் இந்தப் படுகைக்கே போய்விடும்.

எனக்குக் கிடைத்தது ஓரத்தில் இரண்டு வரிசைத் தொட்டிச் செடிகள். அவையும் எருவிட்ட மண்ணில் நட்டவை. இந்த வகைக் குளத்தில் செடிகளை மண்ணில்லாமல் வெறும் சரளையில்தான் நட வேண்டும் என்பது பிறகு தெரிந்தது. மண்ணும் எருவும் பாஸ்பரஸைக் கசியவிடும், பாஸ்பரஸ்தான் பாசிக்குத் தீனி. லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்குள் அதை அடக்கி வைக்கத்தான் அக்கறையுள்ளவர்கள் பாடுபடுகிறார்கள். இவரோ அழகுக்காக வண்ண மீன்களை வேறு விட்டுப் போனார். மீன் கழிவிலும் அதே பாஸ்பரஸ்தான். மின்செலவு குறையும் என்று சொல்லி, இரவில் பம்பு தானாக நின்றுவிடும்படியும் வைத்தார். ஓட்டம் நின்றால் கற்களின் மேல் உள்ள நுண்ணுயிர்கள் ஆக்சிஜன் கிடைக்காமல் மடியும் என்பதை அறியாமல் செய்தாரா, அறிந்தே செய்தாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

மூன்றாவது வாரம் நீர் பச்சையானது. "புதுக் குளம், பழக வேண்டும் சார்" என்றார். நான் இல்லாத ஒரு நாள் அவருடைய ஆட்கள் வந்து போனார்கள். மறுநாள் நீர் பளிங்கு போலத் தெளிந்து லேசாக நீலம் பாய்ந்திருந்தது. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. மகளும் அன்று முழுவதும் முங்கி முங்கிக் குளித்தாள்.

அவர்கள் போட்டுவிட்டுப் போனது மயில்துத்தம். காலிப் பையைத் தொட்டிகளுக்குப் பின்னால் கண்டெடுத்தேன். ரசாயனமே இல்லை என்று வாக்குக் கொடுத்த குளத்தில் தாமிர உப்பு! அது பாசியைக் கொல்லும், பாசியைத் தின்னும் நீர்ப்பூச்சிகளையும் சேர்த்தே கொல்லும். செத்த பாசி அழுகிச் சத்தை மறுபடி நீரிலேயே விடும். பத்தே நாளில் முன்னைவிடக் கெட்டியாகப் பச்சை திரும்பியது.

அதற்குள் மகளுக்குக் காதுவலி தொடங்கிவிட்டது. காதைத் தொட்டாலே துடித்தாள். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா என்றார் மருத்துவர். குளத்து நீரை நானே ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போனேன். பொது இயற்கைக் குளங்களுக்கான ஜெர்மானிய வழிகாட்டு நெறி, 100 மில்லிலிட்டரில், மலம் கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் ஈ.கோலை பாக்டீரியா 100ஐயும் சூடோமோனாஸ் 10ஐயும் தாண்டக் கூடாது என்கிறது. எங்கள் நீரில் இரண்டுமே பல மடங்கு இருந்தன. அறிக்கையைக் காட்டியபோது, "தண்ணீர் தெளிவாகத்தானே இருந்தது?" என்று கேட்டார் கட்டியவர். தெளிவுக்கும் சுத்தத்துக்கும் தொடர்பில்லை என்பதுகூடத் தெரியாதவரிடம் என் குழந்தையை ஒப்படைத்திருக்கிறேன்!

பின்னர் புற ஊதா விளக்கு ஒன்றைப் பொருத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். விளக்கைக் கடந்து போகும் நீரில் உள்ள கிருமிதான் அதில் சாகும். குளோரினைப் போல அது குளத்திலேயே தங்கிக் காவல் காக்காது. ஒருவர் உடலிலிருந்து இறங்கிய கிருமி பக்கத்தில் நீந்துபவரின் வாய்க்குள் போவதை எந்த விளக்கும் தடுக்காது. அதனால்தான் நல்ல இயற்கைக் குளங்களில் நீரின் அளவைப் பொறுத்து ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு வைக்கிறார்கள், குளித்துவிட்டுத்தான் இறங்கச் சொல்கிறார்கள். வெதுவெதுப்பான நன்னீரில் மூக்கு வழியே ஏறி மூளையைத் தாக்கும் நெக்ளேரியா அமீபாவும் உண்டு. மிக அரிது, ஆனால் வந்தவர்கள் பிழைப்பது அதைவிட அரிது. தேங்கிச் சூடேறிய நீரில் பிள்ளைகளைத் தலை முங்க விடாதீர்கள்.

உங்களிடம் யாராவது இப்படி வந்தால், குளத்தைப் பார்க்காதீர்கள், படுகையைக் காட்டச் சொல்லுங்கள். அவர் கட்டி இரண்டு மூன்று கோடைகளைக் கடந்த குளம் ஒன்றுக்கு அழைத்துப் போகச் சொல்லி, அதன் நீர் ஆய்வு அறிக்கைகளையும் கேளுங்கள். பச்சை பிடித்தால் என்ன செய்வார், எதைப் போடமாட்டார் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். "உப்பு நீர்க் குளம், குளோரினே இல்லை" என்று சொன்னாலும் நம்பாதீர்கள். அந்தக் கருவி உப்பிலிருந்து குளோரினைத்தான் தயாரிக்கிறது.

மகளின் காது ஆறிவிட்டது. குளத்தை இன்னும் காலி செய்ய முடியவில்லை, தாமிரம் கலந்த நீர் ஓடையில் சேர்ந்தால் அங்குள்ள மீனும் நத்தையும் சாகும் என்பதால் எங்கே விடுவது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கட்டியவருக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். பதில் இல்லை. வேறு ஒரு வீட்டுத் தோட்டத்தில் குழி தோண்டிக்கொண்டிருக்கிறார் என்று நேற்று கேள்விப்பட்டேன்.